ஆயிரம் மீட்டர் சூடு

மாஞ்சோலைக்கு வண்டி எடுக்கிறவர்கள் ஏற்றத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். "வண்டி ஏறிருமா அண்ணாச்சி?" என்பதுதான் மணிமுத்தாற்றில் கேட்கும் கேள்வி. இறங்குமா என்று யாரும் கேட்பதில்லை. இறங்காமல் எங்கே போய்விடும்? ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றால் கெடுவது அரைநாள் பொழுது. இறக்கத்தில் கெடுவது வேறு. மலைச்சாலையில் வண்டிகள் தறிகெட்டு ஓடுவதெல்லாம் அநேகமாகக் கீழே வரும்போதுதான். உதகையிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வெளியூர் வண்டிகளை மேலே ஏற விடுகிறார்கள், கீழே இறங்க விடுவதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் போட்ட விதி.

நம் மலைக்கு வருவோம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலையும் லயன் வீடுகளுமாக ஊர்கள் முளைத்தன. 2024-ல் தோட்ட வேலை நிற்கும்வரை அரிசியும் பருப்பும் மேலே போயின, தேயிலை கீழே வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான்: மணிமுத்தாறு அணையையும் அருவியையும் கடந்து, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள், ஒரு வண்டி அகலத்தில் வளைந்து வளைந்து ஏறும் சாலை. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். தூரம் 20 கிலோமீட்டர் அளவில்.

ஆளும் சாமானுமாக 12 டன் எடையுள்ள ஒரு பேருந்து மாஞ்சோலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 11 கோடியே 80 லட்சம் ஜூல். மின்கட்டணக் கணக்கில் 33 யூனிட். ஏறும்போது டீசலை எரித்து வாங்கிச் சேர்த்த ஆற்றல் இது. கீழே மணிமுத்தாற்றில் பேருந்து நிற்கும்போது இதில் ஒரு ஜூல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் அது வேகமாகத்தான் இருக்கும்.

ஆற்றல் அழியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் அந்த 33 யூனிட் எங்கே போகிறது? சூடாகிறது. 30 டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. மலையிறக்கம் என்றாலே இந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்கிற கேள்விதான். வளைவில் ஸ்டியரிங்கை எப்படி ஒடிப்பது, எதிரே வருகிறவனுக்கு எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

உயரம் சூடாக மாறும் என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். 1847-ல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் போன இடத்தில் கையில் நீளமான வெப்பமானியோடு ஓர் அருவியின் மேலேயும் கீழேயும் தண்ணீரின் சூட்டை அளக்கப் பார்த்தார் என்று, பிற்காலத்தில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் கதை சொல்லியிருக்கிறார். மனைவி என்ன சொன்னார் என்பது பதிவாகவில்லை. இன்றைய அளவீட்டின்படி தண்ணீர் 427 மீட்டர் விழுந்தால்தான் ஒரு டிகிரி சூடேறும். பொதிகையில் பிறந்து காரையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் வந்து சேரும் தாமிரபரணி, பாறைக்குப் பாறை மோதி, நுரைத்து, தன் உயரத்தை இப்படித்தான் தொலைக்கிறது. காற்றும் ஆவியாதலும் அதற்குள் தண்ணீரைக் குளிர வைத்துவிடுவதால் அகஸ்தியர் அருவியில் தலையைக் கொடுப்பவருக்கு இது தெரியாது. குழாயில் பிடித்து இறக்கினால் கதை வேறு. 1944-ல் ஓடத் தொடங்கிய பாபநாசம் மின்நிலையத்தில் அதே உயரம் டர்பைனைச் சுற்றி மின்சாரமாகிறது. பாறையில் வீணாவதும் டர்பைனில் மின்சாரமாவதும் ஒரே ஆற்றல்தான். வழிதான் வேறு.

பேருந்துக்கும் இப்படி வழிகள் உண்டு. டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் ஐந்தில் ஒரு பங்கு தானாகவே போய்விடும். மீதி நாலு பங்கை பிரேக்கோ எஞ்சினோ ஏற்க வேண்டும். இதைப் பங்குபோடுவது ஓட்டுநரின் வலது காலும் இடது கையும்.

பிரேக்கிடம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? மணிக்கு 20 கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் இறங்கினால், சக்கரங்களில் சராசரியாக 26 கிலோவாட் சூடு பிறந்துகொண்டே இருக்கும். நான்கு டிரம்முக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறரை கிலோவாட். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வீட்டுக் குளியலறை வாட்டர் ஹீட்டர் மூன்றைச் சொருகி, தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். இது சராசரிக் கணக்கு. பத்தடிக்கு ஓரடி சரியும் இடங்களில் இதுபோல இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். டிரம் என்பது வார்ப்பிரும்பு வளையம். அதைச் சுற்றி விசிறி இல்லை, தண்ணீர் இல்லை, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே அடைந்து கிடக்கிறது. மலையில் வண்டி மெல்லப் போவதால் காற்றும் படாது. சமவெளியில் 60-ல் வந்து ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் சூடு, இந்த இறக்கத்தின் மொத்தச் சூட்டில் எழுபதில் ஒரு பங்குதான். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை அருமையாகப் பிடிக்கிற பிரேக், மலையிலும் அப்படியே பிடிக்கும் என்று நம்புவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

சூடேறிய டிரம்முக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரும்பு சூட்டில் விரியும். 41 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம், 300 டிகிரி கூடுதல் சூட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. லைனிங் ஒட்டிய பிரேக் ஷூ உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக அழுத்துகிறது. சுவர் விலகிப் போனால் ஷூ அதைத் துரத்த வேண்டும். ஷூவைத் தள்ளும் நெம்புகோல் அமைப்பில் இந்தச் சிறு விலகல் ஏறத்தாழ பத்து மடங்காகி, பேருந்தின் பிரேக்கை இயக்கும் காற்றுக் கலத்தின் தண்டு அத்தனை தூரம் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். தண்டுக்கோ ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டபின் ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் ஷூவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. இன்னொரு பக்கம், லைனிங்கில் இருக்கும் பிசின் சூட்டில் சிதைந்து வாயுவாகி, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்குகிறது. மலையடிவாரத்தில் மூக்கைத் துளைக்கும் அந்தக் கருகல் நாற்றம் இதுதான். கார்களில் காற்றுக்குப் பதில் பிரேக் ஆயில். பழகிய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். புதிதாக இருந்தபோது 200 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காத ஆயில், ஈரம் சேர்ந்தபின் 140, 150-லேயே கொதித்துவிடலாம். குழாயில் ஆவிக்குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும்.

இதையெல்லாம் "பிரேக் ஃபெயிலியர்" என்ற ஒரே பேரில் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. அடிவாரத்துக்கு வந்து ஆறியபின் சோதித்தால் அதே பிரேக் நன்றாகவே பிடிப்பதும் உண்டு. பாகம் எதுவும் உடைந்திருக்காது. அதற்கு ஆகாத வேலையை அதன் தலையில் கட்டியிருப்பார்கள்.

இனி எஞ்சின். முழுச் சுமையில் ஏறும்போது எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுக்கும் ஆற்றலைவிட அதிகமாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழல் வழியாகவும் சூடாக வெளியே தள்ளுகிறது. நூறு கிலோவாட் சூட்டைத் தள்ளிவிடுவது அதற்கு அன்றாட வேலை. விசிறி, தண்ணீர், ஆயில் என்று எல்லா ஏற்பாடும் அதற்காகவே இருக்கிறது. வண்டியிலேயே சூட்டைக் கையாளத் தெரிந்த உறுப்பு இதுதான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே வந்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றத் தொடங்குகிறது. டீசலால் சுழன்ற எஞ்சின் இப்போது மலையால் சுழல்கிறது. பிஸ்டன் உரசல், ஆயிலைத் தள்ளும் பம்ப், காற்றை இழுத்து வெளியே துப்பும் சிரமம் எல்லாம் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கின்றன. ஐந்தே முக்கால் லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும்போது இப்படி விழுங்கும் ஆற்றல் 20 கிலோவாட்டுக்குச் சற்று மேலே. நமக்குத் தேவைப்பட்ட 26-ல் பெரும்பங்கு இங்கேயே தீர்ந்துபோகிறது. இத்தனைக்கும் எஞ்சினுக்கு இது இளைப்பாறல். இறக்கத்தில் டெம்பரேச்சர் முள் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

இதில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்று வரும் வழியில் இருக்கும் திராட்டில் அடைபடுகிறது. பிஸ்டன் வெற்றிடத்தை இழுத்துத் தவிக்கிறது, அந்தத் தவிப்பே நல்ல பிரேக். பழைய டீசல் எஞ்சினில் திராட்டில் கிடையாது. காற்று தாராளமாக உள்ளே வரும். பிஸ்டன் அதை அமுக்கும்போது வண்டியின் ஆற்றலை வாங்கும், அடுத்த கணமே அமுங்கிய காற்று பிஸ்டனைத் திருப்பி உதைத்து, வாங்கியதில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுத்துவிடும். அதனால்தான் கனரக வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது. புகைக்குழலில் ஒரு தகட்டுக் கதவு. சுவிட்சைத் தட்டினால் கதவு மூடி, எஞ்சின் தன் காற்றையே வெளியே தள்ள முடியாமல் முக்கும். பிடிப்பு இரண்டு மடங்காகும், சில வண்டிகளில் அதற்கும் மேலே.

அந்தத் "திரும்ப உதைக்கும்" காற்றோடு நேருக்கு நேர் மோதியவர் அமெரிக்க டீசல் எஞ்சின் முன்னோடி கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-ல் தன் டீசல் எஞ்சினின் சிக்கனத்தைக் காட்ட ஒரு லாரியில் நாட்டின் குறுக்கே போனார். கலிபோர்னியாவின் காஹோன் கணவாயில் சான் பெர்னார்டினோவை நோக்கி இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிட்டது. அடிவாரத்தில் ரயில் பாதை குறுக்கிட்டது, சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி விலகவும் லாரி பாதையைக் கடக்கவும் சரியாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவருக்கு அந்த இறக்கம் மறக்கவில்லை. அமுக்கம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டால், திருப்பி உதைக்க எதுவும் இருக்காதல்லவா? எஞ்சின் வெறும் காற்றழுத்தும் இயந்திரமாகிவிடும். 1961-லிருந்து ஜேக்கப்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்து விற்றது. ஜேக் பிரேக் என்ற பேர் அப்படி வந்தது. படபடவென்று அது போடும் சத்தம் பொறுக்காமல் அமெரிக்காவில் பல ஊர்கள் எல்லையிலேயே தடைப் பலகை வைத்திருக்கின்றன.

நம்மூர் ஓட்டுநர்களிடம் இதற்கெல்லாம் முன்பிருந்தே ஒரு விதி உண்டு: "ஏறுன கியர்லயே எறங்கணும்." பழைய லாரிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அந்த எஞ்சின்களுக்குப் பலம் குறைவு. செகண்ட் கியரில் முக்கி முனகித்தான் ஏறும். அதே செகண்ட் கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், பிடிப்பும் போதுமானதாக இருக்கும். என் கணிப்பில் இன்றைய வண்டிகளுக்கு இந்த விதி போதாது. காரணம் டர்போ. ஒரு லிட்டர் எஞ்சினில் டர்போவைப் பொருத்தி ஒன்றரை லிட்டர் எஞ்சினின் இழுவையை வாங்கிவிடுகிறார்கள். ஏறும்போது அது ஒன்றரை லிட்டர். இறங்கும்போது டர்போவுக்கு வேலையில்லை, எரிய எரிபொருளில்லை, மிஞ்சுவது ஒரு லிட்டர் எஞ்சினின் உரசலும் திணறலும் மட்டுமே. தேர்டில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய கார், இறங்கும்போது தேர்டில் நழுவிக்கொண்டே போவது இதனால்தான். ஏறிய கியருக்கு ஒன்று கீழே என்று விதியைத் திருத்திக்கொள்வது நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டியில் "டி"-யிலேயே விட்டுவிட்டு இறங்கினால் சில மாடல்கள் நம்மைப் புரிந்துகொள்ளாமல் மேல் கியருக்குப் போய்விடும். எல் அல்லது 2, இல்லையென்றால் மேனுவல் முறை, அதற்காகத்தான் இருக்கிறது.

கியரை எப்போது போடுவது என்பது இன்னும் முக்கியம். சரிவு தொடங்கும் முன்னால். வண்டி ஓட்டம் பிடித்த பிறகு தேர்டிலிருந்து எடுத்து செகண்டுக்குத் தள்ளினால், பல்சக்கரங்களின் வேகம் ஒத்துவராமல் கியர் விழ மறுக்கலாம். தேர்டும் போச்சு, செகண்டும் இல்லை, வண்டி நியூட்ரலில். 12 டன் பேருந்தில் இந்தக் கணத்துக்கு அப்புறம் ஓட்டுநருக்கு அதிக வழிகள் கிடையாது. பலவந்தமாக விழுந்துவிட்டாலோ, மலை எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றி வால்வுகளை நொறுக்கலாம்.

நியூட்ரல் என்றதும் டீசல் சிக்கனம் நினைவுக்கு வரும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது எரிபொருள் வேண்டும். கியரில், கால் எடுத்த நிலையில், எஞ்சினைச் சுற்றுவது மலை. அதனால் இன்றைய எஞ்சின்களில் கணினி எரிபொருளை முழுசாக நிறுத்திவிடுகிறது. பழைய டீசல் பம்பின் கவர்னரும் அதையேதான் செய்யும். சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைப்பது இன்னும் மோசம். காரில் பிரேக்குக்குத் துணைபோகும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பேருந்தில் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரை ஓட்டுவதும் எஞ்சின்தான். சின்ன கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் டேங்க் மளமளவென்று நிறையும். நியூட்ரலில் எஞ்சின் மந்தமாக ஓட, கால் திரும்பத் திரும்ப மிதிக்க, ஏர் இறங்கிக்கொண்டே வரும்.

எஞ்சின் எவ்வளவு பிடித்தாலும் பிரேக் தேவைப்படும். அதை எப்படி மிதிப்பது? மெல்லத் தொட்டபடியே வருவதா, விட்டு விட்டு அழுத்துவதா? மொத்தச் சூடு இரண்டிலும் ஒன்றுதான், இயற்பியல் இதில் சலுகை தராது. இருந்தாலும் கனரக வண்டிகளில் இரண்டாவதுதான் நல்லது. ஏர் பிரேக்கில் எல்லாச் சக்கரங்களும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கத் தொடங்குவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். லேசாகத் தொட்டபடியே வந்தால் முந்திக்கொண்ட ஒரு சக்கரமே மலை முழுக்கச் சுமந்து சிவந்துபோகும், மற்றவை சும்மா சுற்றும். உறுதியாக அழுத்தினால் எல்லாம் சேர்ந்து பிடிக்கும். வேகம் கொஞ்சம் குறைந்ததும் முழுசாக விட்டுவிட வேண்டும். எஞ்சின் பிடிப்பில் வண்டி வரட்டும். வேகம் ஏறினால் மறுபடியும் ஓர் அழுத்து.

கியரில்லாத ஸ்கூட்டரில் மலைக்குப் போகிறவர்களுக்கு எஞ்சினின் உதவி குறைவாகவே கிடைக்கும். வேகம் குறைந்தால் அதன் கிளட்ச் தானாகவே விலகி, வண்டி நியூட்ரல்போல உருளும். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு வருவதைத் தவிர வேறு உபாயமில்லை. மின்சாரக் கார்கள் மறுகோடி. அவற்றில் மோட்டாரே ஜெனரேட்டராகி, பாபநாசத்து டர்பைன் செய்வதைச் சக்கரத்தில் செய்கிறது. ஒன்றரை டன் கார் 1,000 மீட்டர் இறங்கினால் 4 யூனிட். உருளலுக்கும் இழப்புக்கும் போக இரண்டு, இரண்டரை யூனிட் பேட்டரிக்குத் திரும்பும். ஒரே நிபந்தனை, பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள இடமில்லாமல், பாரம் மறுபடி பிரேக்கின் தலையில்தான் விழும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடிவாரத்தில் இறங்கியதும் கருகல் வாசம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் சும்மா விடலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் சூடான டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும். கை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டினாலே அனல் தெரியும். பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்று வாளியில் மொண்டு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும், விரிசல் அன்றைக்கே கண்ணில் படாது.